பெடல் இல்லாமல் வந்த சைக்கிள்: மலை மிதிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு

போடிநாயக்கனூரில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், இரண்டு வருடம் சேர்த்த காசைப் போட்டு நல்ல மலை சைக்கிள் ஒன்று வாங்கினான். பெட்டியைப் பிரித்தால் எல்லாம் இருக்கிறது, பெடலை மட்டும் காணோம். ஏமாற்றிவிட்டார்கள் என்று அன்று இரவே எனக்குப் போன். ஏமாற்று ஒன்றும் இல்லை. விலை கூடிய மலை சைக்கிள்களைப் பெரும்பாலும் பெடல் இல்லாமல்தான் விற்கிறார்கள். எந்தப் பெடல் என்பது ஆளுக்கு ஆள் மாறும், வாங்குகிறவர் தன் காலுக்குத் தக்கபடி போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

"சரிண்ணே, அப்ப நான் எதைப் போடணும்?" என்றான். போனில் அரைகுறையாகச் சொன்னதை முழுதாக இங்கே எழுதுகிறேன். முந்தலில் தொடங்கிப் போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் கேரளத்தில் பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி என்று ஏலக்காட்டிலும் தேயிலைக்காட்டிலும் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுவது இது. மற்ற ஊர்க்காரர்கள் அவரவர் மலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: தட்டைப் பெடலில் தொடங்குங்கள். ஒரு மழைக்காலமாவது அதில் ஓட்டுங்கள். ஷூவைக் கவ்விப் பிடிக்கிற கிளிப் பெடல் வேண்டுமா என்று அப்புறம் யோசிக்கலாம்.

பெயர்க் குழப்பம்

தட்டைப் பெடல் புதிதல்ல. தாத்தா சைக்கிளில் இருந்த ரப்பர்க் கட்டைப் பெடலின் பேரன்தான். மலை சைக்கிளுக்கானது இன்னும் அகலம், ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் சதுரம். இரண்டு முகத்திலும் சின்னச் சின்ன ஆணிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஷூவின் ரப்பரில் பதிந்து காலைப் பிடித்துக்கொள்ளும்.

கிளிப்லெஸ் என்பது வேறு. ஷூவின் அடியில் ஓர் இரும்புத் துண்டு இருக்கும், அதற்குக் கிளீட் என்று பெயர். பெடலில் ஸ்பிரிங் வைத்த கவ்வி இருக்கும். மிதித்தால் 'டக்' என்று மாட்டும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடும். காலைக் கவ்விப் பிடிக்கிற பெடலுக்கு எப்படி 'கிளிப் இல்லாதது' என்று பெயர் வந்தது? பழைய பந்தய சைக்கிள்களில் கால் விரல் பக்கம் ஒரு கூண்டும் அதைச் சுற்றி ஒரு வாரும் இருந்தன. அந்தக் கூண்டுக்குத்தான் அன்று கிளிப் என்று பெயர். 1984இல் லுக் நிறுவனம் பனிச்சறுக்குக் கட்டையில் காலைப் பூட்டுகிற முறையை எடுத்துக் கூண்டில்லாத பெடலைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார்ட் இனோ அதை மிதித்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். கூண்டு போனது, பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டது. மலைக்காரர்களுக்கான சின்னக் கிளீட்டை ஷிமானோ நிறுவனம் 1990இல் எஸ்பிடி என்ற பெயரில் கொண்டுவந்தது. ஷூவின் அடியில் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருப்பதால் இறங்கி நடக்கலாம். குழப்பத்தைத் தவிர்க்க, இனி இதைக் கிளிப் பெடல் என்றே சொல்கிறேன்.

கடையில் கேட்கும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். ரோடு சைக்கிளுக்கான கிளிப் பெடலும் ஷூவும் வேறு. அதன் கிளீட் பெரியது, மூன்று போல்ட்டில் நிற்கும். மலைக்கு இரண்டு போல்ட். மூன்று போல்ட் ஷூவோடு எஸ்டேட் பாதையில் இறங்கி நடந்தால், ஈரத் தரையில் புதிதாய் லாடம் அடித்த மாட்டைப் போலத்தான் நடக்க வேண்டியிருக்கும்.

ஏன் தட்டை முதலில்

கிளிப் பெடலில் முதல் தடவை எப்படி விழுவீர்கள் என்று என்னால் இப்போதே சொல்ல முடியும். வேகமாகப் போகும்போது விழ மாட்டீர்கள். நிற்கும்போது விழுவீர்கள். நான் விழுந்தது போடிமெட்டில், டீக்கடை வாசலில். 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த பெருமையோடு பிரேக்கைப் பிடித்தேன். கால் தரைக்குப் போகவில்லை. வெட்டிய வாழை மாதிரி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன். ஏலக்காட்டு வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப் ஒன்று பக்கத்திலேயே நின்றது. "ஏப்பா, காலை ஊன வேண்டியதுதான?" என்று ஓர் அம்மா கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு காலும் இன்னும் பெடலிலேயே மாட்டியிருந்தன.

சிரிக்கிற விஷயம் ஒருபுறம் இருக்கட்டும். உண்மையான காரணம் வேறு. கிளிப் பெடல் உங்கள் தவறை மூடி மறைக்கும். கரடுமுரடான இறக்கத்தில் முழங்காலை விறைத்துக்கொண்டு, விரல் நுனியில் நின்று ஓட்டினாலும் கால் பெடலை விட்டு வராது. கற்றுக்கொண்டோம் என்று நினைப்பீர்கள். தட்டைப் பெடலில் அதே தவறு செய்தால் முதல் கல்லிலேயே கால் துள்ளிவிடும். துள்ளுகிற ஒவ்வொரு தடவையும் அது ஒரு பாடம்.

தட்டை என்றால் கற்றுக்குட்டிக்கு என்று நினைக்கவும் வேண்டாம். ஆஸ்திரேலியக்காரர் சாம் ஹில் 2006, 2007, 2010 ஆகிய மூன்று வருடங்களில் இறக்க ஓட்டத்தில் உலகப் பட்டம் வென்றது தட்டைப் பெடலில்தான். 2017 முதல் 2019 வரை எண்டியூரோ உலகத் தொடரைத் தொடர்ந்து மூன்று முறை வென்றதும் தட்டையில்தான். எண்டியூரோவில் ஏறி ஏறித்தான் இறங்க வேண்டும். சுற்றி நின்ற போட்டியாளர்களில் பெரும்பாலோர் கிளிப் போட்டவர்கள்.

முதல் வேலை: பெடலும் ஷூவும்

ஆணி வைத்த நைலான் தட்டைப் பெடல் போதும். அலுமினியம் மெலிதாக, அழகாக இருக்கும், விலையும் கூடும். பாறையில் இடிபடுகிற ஊரில் நைலானுக்கு நான் ஓட்டுப் போடுவேன். கல்லில் மோதினால் வழுக்கிக்கொண்டு போகிறது, அலுமினியம் சில சமயம் கவ்விக்கொண்டு நிற்கிறது. ஆணிகள் தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடியவையா என்று பாருங்கள். பெடலோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் முள்கள் மழையில் உதவாது.

பெடலைவிட ஷூ முக்கியம் என்பேன். அடிப்பாகம் தட்டையாக, மெத்தென்ற ரப்பராக, ஆனால் வளையாததாக இருக்க வேண்டும். ஓடுவதற்கான ஷூ வேண்டாம். அதன் அடி பஞ்சு போல அமுங்கும், பெடல் உள்ளங்காலில் உறுத்தும். மலையேறுகிற ஷூவின் ஆழமான பள்ளங்களில் ஆணி சரியாகப் பதியாது. தட்டைப் பெடலுக்கென்றே விற்கிற ஷூ வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் தட்டை ரப்பர் அடி கொண்ட ஏதாவது ஒரு பழைய கான்வாஸ். ரப்பர்ச் செருப்பில் ஓட்டுகிறேன் என்று மட்டும் வராதீர்கள். ஆணி கணைக்காலைக் கிழித்தால் எப்படி இருக்கும் என்று என் இடது காலைக் காட்டினால் புரியும். கணைக்காலையும் சேர்த்து மூடுகிற முழங்கால் கவசம் இருந்தால் முதல் நாளிலிருந்தே போடுங்கள்.

இரண்டாவது: பெடலை மாட்டுவது

இங்கேதான் புதிய சைக்கிளின் கிராங்க், அதாவது பெடல் மாட்டுகிற கை, பாழாகிறது. வலது பெடல் சாதாரண மரை. இடது பெடலுக்குத் தலைகீழ் மரை. மிதிக்கும்போது பெடலின் அச்சு துளைக்குள் மிக நுண்மையாக உருண்டுகொண்டே இருக்கும். இடது பக்கமும் சாதாரண மரையாக இருந்தால் அந்த உருளலே போகப் போகக் கழற்றிவிடும். அதனால்தான் திருப்பி வைத்தார்கள்.

அச்சின் முனையில் வலத்துக்கு 'ஆர்', இடத்துக்கு 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பிறகு விரலால் மட்டும் மூன்று நான்கு சுற்று. விரலால் போகவில்லை என்றால் கோணல் என்று அர்த்தம், கழற்றி மறுபடி வையுங்கள். ஸ்பேனரை வைத்து மல்லுக்கு நின்றால் மரை சிதைந்துவிடும், கிராங்க் கை முழுதாக மாற்ற வேண்டியதுதான். விரலில் சுளுவாகப் போன பிறகு 15 எம்எம் ஸ்பேனர், அல்லது பெடலைப் பொறுத்து 6 அல்லது 8 எம்எம் ஆலன் கீ. நினைவில் வைக்க ஒரு வழி: எந்தப் பக்கமானாலும், சாவியின் பிடி மேல்நோக்கி இருக்கும்போது முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இறுகும், பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் கழலும்.

மூன்றாவது: சீட்டும் பாதமும்

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடிவரை இறக்கி, அதில் குதிகாலை வையுங்கள். கால் மடங்காமல் நீண்டால் உயரம் சரி. இனிப் பாதத்தை முறையாக வைத்தால் முழங்காலில் லேசான மடிப்பு வரும். நம் ஊரில் பலரும் இரண்டு காலும் தரையில் எட்ட வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைக்கிறார்கள். அப்படிப் போடிமெட்டு ஏறினால் மூன்றாவது வளைவிலேயே முழங்கால் அழும். சீட்டு உயரத்தைப் பொத்தானில் ஏற்றி இறக்குகிற டிராப்பர் கம்பி உங்கள் சைக்கிளில் இருந்தால் கொடுத்து வைத்தவர். இல்லாதவர்கள் ஏறும்போது ஏற்றி, இறக்கத்துக்கு முன் நின்று இறக்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் போகும், பல்லு மிஞ்சும்.

பாதத்தை எங்கே வைப்பது? பெருவிரலுக்குப் பின்னால் உருண்டையாக ஓர் எலும்பு இருக்கிறதே, அதைப் பெடல் அச்சின் மேல் வை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ரோட்டுக்கு அது சரி. தட்டைப் பெடலில் மலையில் ஓட்ட, இன்னும் முன்னே தள்ளி வையுங்கள், பாதத்தின் நடுப்பகுதிக்குப் பக்கமாக அச்சு வரட்டும். கெண்டைச் சதைக்கு வேலை குறையும், இறக்கத்தில் குதிகால் தானாகக் கீழே இறங்கும்.

நான்காவது: மிதிக்கிற வித்தை

"கிளிப் போட்டால் காலை மேலே இழுக்கலாம், அதனால் இரட்டைப் பலன்." இதை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நானும் பல வருடம் நம்பினேன். பெடலில் விழும் விசையை அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. நன்றாக ஓட்டுகிறவர்களும் மேலே வரும் காலை இழுப்பதில்லை, அதன் கனத்தை எடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். வேண்டுமென்றே இழுக்கச் சொன்னபோது, அதே வேகத்துக்கு உடல் கூடுதல் சக்தியைச் செலவழித்தது. தொடையின் முன்சதையும் பிட்டமும் பெரிய தசைகள், அவை தள்ளுவதற்கு என்றே அமைந்தவை. மேலே தூக்குகிற தசைகள் சின்னவை, சீக்கிரம் சோர்ந்துவிடும்.

நாம் சைக்கிள் மிதிக்கிறோம். மெட்டுக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் சைக்கிள் சவிட்டுகிறார்கள். இரண்டு பாஷைக்காரரும் கீழ்நோக்கிய வேலையைத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். இழுக்கிறேன் என்று யாரும் சொல்லவில்லை.

கிராங்கைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். விசை முழுதும் 1 மணியிலிருந்து 5 மணி வரை. 12இலும் 6இலும் எவ்வளவு அமுக்கினாலும் சுழற்சிக்கு ஒன்றும் போய்ச் சேராது. அந்த இரண்டு இடத்தையும் வேகமாகத் தாண்ட வேண்டும். பெடல் உச்சிக்கு வரும்போது காலை லேசாக முன்னே தள்ளுங்கள். அடியில், செருப்பில் ஒட்டிய சேற்றைப் படிக்கல்லில் தேய்த்து எடுப்பது போல் பின்னே இழுங்கள். இதைத் தட்டைப் பெடலிலும் செய்யலாம், ஆணி பிடித்துக்கொள்ளும்.

பயிற்சிக்கு மலை வேண்டாம். லேசான ஏற்றம் உள்ள தார் ரோடு போதும். கியரை ஒரு படி இறக்கி, 15 விநாடியில் வலது கால் எத்தனை முறை கீழே போகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். ரோட்டில் 80, 90 வந்தால் நன்று. கல்லும் வேருமாகக் கிடக்கிற ஏற்றத்தில் 60க்கும் 80க்கும் இடையில் இருந்தால் போதும். புதியவர்கள் செய்கிற ஒரே பெரிய தவறு கனமான கியரில் முக்கி முக்கி மிதிப்பது. அப்படி மிதித்தால் ஒவ்வொரு மிதியும் பின்சக்கரத்தை ஒரு குலுக்குக் குலுக்கும், சரளையில் சக்கரம் அந்த இடத்திலேயே சுற்றிவிடும். ஏற்றம் வருவதற்கு முன்பே கியரை இறக்குங்கள். ஏற்றத்தின் நடுவில், செயின் முழு இழுவிசையில் இருக்கும்போது மாற்றினால் அது கடகடவென்று கத்தும், சில நாள் அறுந்தும் போகும்.

செங்குத்தான இடத்தில் எழுந்து நின்று மிதிக்கத் தோன்றும். நிற்காதீர்கள். நின்றால் பின்சக்கரத்தின் மேலிருந்த கனம் போய்விடும். சீட்டின் மூக்குப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, முழங்கையை மடக்கி நெஞ்சைத் தாழ்த்துங்கள். முன்சக்கரம் தூக்காது, பின்சக்கரம் வழுக்காது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடம். வாடகை சைக்கிள் எடுத்து, சீட்டு எட்டாமல், பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டிருக்கிறீர்களா? முழுச் சுற்று சுற்ற முடியாது. பாதி தூரம் அமுக்கி, திரும்பப் பின்னால் கொண்டுவந்து, மறுபடி பாதி அமுக்குவோம். கல் நிறைந்த ஏற்றத்தில் செய்ய வேண்டியது அதுவேதான். கிராங்கின் நீளம் பெரும்பாலும் 170 அல்லது 175 எம்எம். அடிக்கு வருகிற பெடல் கல்லில் இடித்தால் நீங்கள் கைப்பிடிக்கு மேலே போய்விடுவீர்கள். ஆகவே கல் வரும் இடத்தில் பெடலை 3 மணி, 9 மணி நிலைக்குக் கொண்டுவந்து, 5 வரை ஒரு சின்ன அமுக்கு, பின்னால் திருப்பி 2க்கு, மறுபடி அமுக்கு. கல் தாண்டியதும் முழுச் சுற்றுக்குத் திரும்பலாம். எட்டு வயதில் கற்ற வித்தை நாற்பது வயதில் சூரியநெல்லிப் பக்கத்து ஜீப் பாதையில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

ஐந்தாவது: இறக்கம்

இறக்கத்தில் பெடல் என்பது நிற்கிற தரை. சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வையுங்கள். எந்தக் கால் முன்னே வர விரும்புகிறதோ அதை விட்டுவிடுங்கள். உடல் கனம் முழுதும் பாதத்தில் இறங்கட்டும், கை கைப்பிடியைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். முழங்காலும் முழங்கையும் மடங்கியே இருக்கட்டும்.

குதிகாலை இறக்குங்கள். இதை ஒரு ஆயிரம் தடவை சொல்வேன். விரல் நுனி கீழே பார்த்தால், பிரேக் பிடிக்கிற நிமிடத்தில் பாதம் பெடலிலிருந்து முன்னே வழுக்கும். குதிகால் கீழே இருந்தால் அதே விசை உங்கள் பாதத்தைப் பெடலுக்குள் அழுத்தும். தட்டைப் பெடலில் கால் நிற்கவில்லை என்று புலம்புகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குக் குறை பெடலில் இல்லை, குதிகாலில் இருக்கிறது.

வளைவில் மண் சமமாக, வழுக்கலாக இருந்தால் வெளிப்பக்கப் பெடலை அடிக்கு இறக்கி அதன் மேல் நில்லுங்கள். கல்லோ வேரோ இருந்தால் மட்டமாகவே வையுங்கள். பழக ஊர் மைதானம் போதும். இரண்டு செங்கல்லை நட்டு எட்டுப் போடுங்கள்.

கிளிப்புக்கு மாறுவது எப்போது, எப்படி

தட்டையில் கால் துள்ளாமல் ஓர் இறக்கம் முழுதும் இறங்க முடிகிறதா? ஏறும்போது சமமாக மிதிக்கிறீர்களா? அப்படியானால் மாறிப் பார்க்கலாம், மாறாமலும் இருக்கலாம். கிளிப்பின் நன்மை உண்மையில் எங்கே என்றால், கரடுமுரடான பாதையில் வேகமாக மிதிக்கும்போது பாதம் இடம் மாறாது, ஒவ்வொரு முறையும் காலைச் சரிசெய்ய வேண்டியதில்லை. நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கும் பந்தயக்காரர்களுக்கும் அது பெரிய நிம்மதி. போடிமெட்டு ஏற்றத்தில் நான் இரண்டையும் போட்டுப் பார்த்தேன், கடிகாரத்தில் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை.

ஒருபக்கம் தட்டை, மறுபக்கம் கிளிப் என்று ஒரு வகை உண்டு. ஊருக்குள் ஓட்ட சௌகரியம். மலையில் எரிச்சல்தான் மிச்சம், நமக்கு வேண்டாத பக்கம்தான் எப்போதும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் கிளிப் இருந்து, அதைச் சுற்றிச் சின்ன மேடை வைத்த வகையை வாங்குங்கள். ஏற்றத்தின் நடுவில் நின்று மறுபடி கிளம்பும்போது கிளிப் மாட்டாவிட்டாலும் மேடையில் மிதித்துத் தப்பிக்கலாம்.

கிளீட் பொருத்துவதில் அவசரம் வேண்டாம். ஷூவைப் போட்டுக்கொண்டு, பெருவிரல் பக்கத்து உருண்டை எலும்பும் சுண்டுவிரல் பக்கத்து உருண்டை எலும்பும் எங்கே இருக்கின்றன என்று பேனாவால் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில், அல்லது அதற்குச் சற்றுப் பின்னால் கிளீட்டின் மையம் வரட்டும். மலைக்குப் பின்னால் தள்ளி வைப்பதே நல்லது. கோணத்துக்கு, உயரமான மேசை ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்க விட்டுப் பாதம் இயல்பாக எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். அதே கோணம். இதில் தவறினால் முழங்கால் சொல்லிவிடும். வலி வந்தால் பொறுத்துக்கொண்டு ஓட்டாமல் கோணத்தை மாற்றுங்கள். போல்ட் மரையில் கிரீஸ் தடவி, 4 எம்எம் ஆலன் கீயால் நன்றாக இறுக்குங்கள். இறுக்கத்தை அளக்கிற டார்க் ரென்ச் இருந்தால் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர்.

ஸ்பிரிங் இறுக்கத்தை முழுதாகத் தளர்த்துங்கள். எஸ்பிடி பெடலில் பெரும்பாலும் 3 எம்எம் ஆலன் கீ போதும். இரண்டு பெடல், ஒவ்வொன்றிலும் இரண்டு முகம், ஆக நான்கு திருகு. நான்கையும் ஒரே அளவுக்கு வையுங்கள். ஷிமானோவில் எஸ்எச்56 என்ற கிளீட் பல திசையிலும் விடும், பதற்றத்தில் காலை எப்படி இழுத்தாலும் வந்துவிடும். கற்றுக்கொள்ளும் வரை அது நல்லது. பழகிய பிறகு, நினைக்காத நேரத்தில் விடாமல் இருக்க எஸ்எச்51க்கு மாறுங்கள்.

இனிப் பயிற்சி. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலுக்கும் ஐம்பது தடவை மாட்டிக் கழற்றுங்கள். மாட்ட, விரல் நுனியை முன்னே நுழைத்துக் குதிகாலை அமுக்க வேண்டும். கழற்ற, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வெளியே திருப்ப வேண்டும். மேலே இழுக்கக் கூடாது. பிறகு புல்தரையில் மெதுவாக ஓட்டி நில்லுங்கள். நிற்பதற்கு முன்பே ஒரு காலைக் கழற்றுவது பழக்கமாக வேண்டும்: கழற்று, பிரேக், ஊன்று. இடது, வலது இரண்டு காலுக்கும் பழகுங்கள். எஸ்டேட் பாதையில் பள்ளம் எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது.

நான் பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாந்தன்பாறைப் பக்கம் ஒரு நாள், கிளீட்டின் இரண்டு போல்ட்டில் ஒன்று வழியில் எங்கோ விழுந்துவிட்டது. நான்தான் மாட்டினேன், நான்தான் சரியாக இறுக்கவில்லை. நிற்கப் போய்க் குதிகாலைத் திருப்பினால் ஷூ மட்டும் திரும்புகிறது, கிளீட் மீதமிருந்த ஒற்றை போல்ட்டைச் சுற்றிப் பெடலிலேயே நிற்கிறது. எவ்வளவு திருப்பினாலும் விடாது. ஏலச்செடி மேல் விழுந்ததால் பிழைத்தேன். அப்புறம் ஷூ வாரை அவிழ்த்துக் காலை மட்டும் உருவிக்கொண்டு, ஒற்றைக் கால் சாக்ஸோடு நின்று பெடலிலிருந்து ஷூவைப் பிடுங்கினேன். அன்றிலிருந்து கிளம்பும் முன் கிளீட்டைக் கையால் அசைத்துப் பார்க்காமல் ஏறுவதில்லை.

இந்த மலைக்கு மட்டும் சில சொற்கள்

ஜூன் முதல் மெட்டுக்கு மேலே மழை பிடித்துக்கொள்ளும், போடியில் வெயில் அடிக்கும்போதே பூப்பாறையில் கொட்டும். ஏலக்காட்டு மண் சருகும் களியுமாகக் கிளீட்டில் அப்பிக்கொண்டால் கிளிப் மாட்டாது. மாட்டும் முன் பெடல் ஓரத்தில் ஷூவை இரண்டு தட்டுத் தட்டுங்கள். நிறைய இறங்கித் தள்ள வேண்டிய நாட்களில் நான் இப்போதும் தட்டைப் பெடலைத்தான் மாட்டுகிறேன். ஈரப் பாறையில் கிளீட் இரும்பு வழுக்குவது போல் வேறெதுவும் வழுக்காது. அட்டைக்கு உப்புத் துணி வைத்துக்கொள்ளுங்கள், அது எந்தப் பெடலானாலும் ஏறும்.

எஸ்டேட் பாதை என்றால் எஸ்டேட்டில் கேட்டுவிட்டுப் போங்கள், தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கம் குழந்தைகளும் கோழியும் ஓடும், வேகம் வேண்டாம். வனத்துறைப் பாதைக்கு அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் இறந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. யானையும் உண்டு. சின்னக்கானலில் பிடித்து வேறு காட்டில் விட்ட அரிக்கொம்பன், 2023 மே மாதம் கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்றது. விடியும் முன்பும் இருட்டிய பிறகும் ஓட்டாதீர்கள். வளைவில் சாணம் ஆவி பறக்கக் கிடந்தால் இறங்கித் திரும்பிவிடுங்கள், அந்த நேரத்தில் குதிகாலைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பெடலைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அச்சுப் பக்கம் அழுத்தமாகப் பீய்ச்ச வேண்டாம், உள்ளே இருக்கிற கிரீஸ் போய்விடும். பெடலைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்றால் பேரிங் கவனிப்புக் கேட்கிறது. கிளிப் காரர்கள் ஸ்பிரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கிளீட்டின் ஓரம் தேய்ந்து மழுங்கியிருக்கிறதா பாருங்கள். தேய்ந்தால் சில நாள் விடாது, சில நாள் தானாக விடும். பையில் ஒரு 4 எம்எம் ஆலன் கீயும் இரண்டு கிளீட் போல்ட்டும் எப்போதும் கிடக்கட்டும். தட்டைப் பெடல்காரர்களுக்கு நான்கு ஆணி போதும்.